ஜெபமா, மருந்தா, கூட்டாளியா? குடியை விடுகிறவருக்குச் சபை எப்படி உதவுகிறது

மட்டக்களப்புப் பக்கம் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவர்களுக்குச் சாட்சி சொல்வது புதிதல்ல. ஒருவர் எழுந்து முன்னால் வருவார். இத்தனை வருடம் குடித்தேன், வீட்டுக்காரியின் தாலிக்கொடிவரைக்கும் அடகுக்குப் போனது, ஒருநாள் இரவு ஜெபத்தில் கர்த்தர் என்னைத் தொட்டார், அன்றோடு விட்டேன் என்பார். சபை அல்லேலூயா சொல்லும். பின்வரிசையில் ஒரு பெண் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவருடைய கணவருக்காகவும் இதே சபைதான் உபவாசமிருந்து ஜெபித்தது. அவர் நேற்றும் வெறியில்தான் வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டில் மட்டும் ஏன் நடக்கவில்லை என்று அந்தப் பெண் யாரிடமும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்.

சாட்சி சொன்னவர் பொய் சொல்லவில்லை. அந்த இரவு நடந்திருக்கலாம். ஆனால் அந்த இரவுக்குப் பின்னால் வந்த மாலைகளில் அவரைத் தவறணைப் பக்கம் போகவிடாமல் வைத்திருந்தவர்கள் சிலர் இருப்பார்கள். ஆறு மணிக்குப் போன் எடுத்த ஒருவர், கிளினிக்குக்குக் கூட்டிப்போன ஒருவர், சம்பள நாளில் கூடவே நடந்த ஒருவர். சாட்சிக்குக் கிடைக்கிற ஐந்து நிமிடத்தில் இவர்கள் விடுபட்டுப்போகிறார்கள். கிறிஸ்தவ நம்பிக்கையின் துணையோடு குடியிலிருந்து மீள்வது என்றால் என்ன என்று புதிதாக அறிய வருகிறவருக்கு, விடுபட்டுப்போன இந்தப் பகுதியைத்தான் சொல்லவேண்டும்.

முதலில் உடம்பு

கலியாண வீட்டில் இரண்டு கிளாஸ் எடுப்பவரையும், காலையில் கை நடுக்கம் அடங்க ஒரு வாய் ஊற்றிக்கொண்டு மேசன் வேலைக்குப் போகிறவரையும் நாம் 'குடிகாரன்' என்ற ஒரே பட்டியலில் போட்டுவிடுகிறோம். வைத்தியர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. நினைத்த இடத்தில் நிறுத்த முடியவில்லையா, அதே வெறிக்கு முன்பைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறதா, குடிக்காவிட்டால் நடுக்கமும் வியர்வையும் வருகிறதா, ஈரலும் குடும்பமும் கெடுவது தெரிந்தும் தொடர்கிறாரா என்று கேட்பார்கள். இவற்றில் பலவற்றுக்கு 'ஓம்' என்றால் அது பழக்கம் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. அங்கே 'மனசு வைத்தால் விடலாம்' என்ற அறிவுரைக்கு அதிகம் வேலையில்லை.

அளவு பற்றியும் நம்மிடையே ஒரு மயக்கம் உண்டு. 'கால் போத்தல்தானே' என்பார்கள். 180 மில்லிலீற்றர் சாராயத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மதுசாரம். கணக்குப் பார்த்தால் அது 48 கிராம் அளவு தூய மதுசாரம். பல நாடுகளில் 10 கிராமை ஓர் அலகு என்று வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் அந்தக் கால் போத்தல் கிட்டத்தட்ட ஐந்து அலகு. 'நான் பியர் மட்டும்தான்' என்பவருக்கும் இதே கணக்குத்தான். 8 சதவீத ஸ்ட்ரோங் பியர் பெரிய போத்தல் ஒன்றில், அதாவது 625 மில்லிலீற்றரில், 40 கிராம் அளவு இருக்கும். கசிப்பில் எவ்வளவு இருக்கிறது என்பது காய்ச்சியவருக்கே தெரியாது.

இனி, திடீரென்று நிறுத்தினால் என்ன நடக்கும்? கச்சான் காற்று முகத்தில் அடிக்கக் கல்லடிப் பாலத்தில் சைக்கிள் மிதிப்பவரை எண்ணிப்பாருங்கள். காற்றின் வேகத்துக்கு ஏற்ப அவர் முழுப் பலத்தோடு மிதித்துப் பழகிவிடுகிறார். காற்று சட்டென்று நின்றால் சைக்கிள் அவர் கட்டுப்பாட்டில் இருக்காது. மதுசாரம் மூளையை மந்தப்படுத்துகிறது. நாள்தோறும் குடிக்கிறவரின் மூளை அந்த மந்தத்தை ஈடுகட்ட எப்போதும் கூடுதல் வேகத்தில் ஓடப் பழகியிருக்கிறது. குடி ஒரே நாளில் நின்றதும் அந்த வேகம் மட்டும் மிஞ்சுகிறது.

கடைசியாகக் குடித்து ஆறு மணித்தியாலம் போனதிலிருந்தே கை நடுக்கம், வியர்வை, ஓங்காளம், நித்திரையின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைக்குள் சிலருக்கு மனக்குழப்பம் ஏற்படும். இடமும் ஆட்களும் பிடிபடாது, சுவரில் பூச்சி ஊர்வதாகத் தெரியும், இல்லாத ஆட்களோடு கதைப்பார், காய்ச்சலும் நெஞ்சுப் படபடப்பும் கூடும். இதைக் கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. நீண்ட காலம் நிறையக் குடித்தவர்களுக்கும், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர்களுக்கும்தான் ஆபத்து அதிகம்.

நம்மூரில் இதைக் கவனமாகச் சொல்லவேண்டியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. குடிக்கிறவரை மூன்று நாள் உபவாச ஜெபத்தில் உட்காரவைப்பது பல சபைகளில் வழக்கம். சாப்பாடில்லை, நித்திரையில்லை, குடியும் இல்லை. அந்த மூன்று நாளும், உடம்புக்கு ஆகப் பெரிய ஆபத்துள்ள நேரமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்துகின்றன. இரண்டாம் இரவில் அவர் 'அங்கே ஒருத்தன் நிற்கிறான்' என்று கத்தினால், சுற்றி நிற்பவர்கள் அதைப் பிசாசு என்று எண்ணி இன்னும் உரக்க ஜெபிப்பார்கள். அந்த நேரத்தில் அவரை ஏற்றவேண்டியது வாகனத்தில். 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை.

வைத்தியசாலையில் செய்வது அப்படியொன்றும் மர்மமானதல்ல. மூளையின் அந்த வேகத்தை அடக்க டயசிபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். வைட்டமின் பி1, அதாவது தயமின், பெரும்பாலும் ஊசியாகவே ஏற்றுவார்கள். நிறையக் குடிப்பவர்களின் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும், அதனால் நினைவாற்றலே நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கம் உள்ளவர்கள் கிட்டிய அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் கேட்டால் எங்கே போகவேண்டும் என்று எழுதிக்கொடுப்பார்கள். பாஸ்டரோ சுவாமியோ கூடவே போய் வாங்கில் உட்கார்ந்திருந்தால் அதுவும் ஜெபம்தான் என்பது என் எண்ணம்.

சரி, அப்படியென்றால் சபைக்கு என்ன வேலை?

வைத்தியசாலை ஒரு கிழமை, பத்து நாளில் உடம்பைத் தெளியவைத்து வீட்டுக்கு அனுப்பிவிடும். வீடும் தெருவும் மாறியிருக்காது. மாலை ஆறு மணியும் மாறாது. கூட்டாளிமார் அதே மதவடியில் உட்கார்ந்திருப்பார்கள். 'மச்சான், ஒரு சொட்டு எடு, ஒண்டும் செய்யாது' என்பார்கள். பெரும்பாலானோர் மறுபடி குடிக்கத் தொடங்குவது இங்கேதான். சபைக்கான வேலை தொடங்குவதும் இங்கேதான்.

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு திமிர்வாதக்காரனை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கூட்டத்தில் உள்ளே போக வழியில்லை. கூரையைப் பிரித்து, படுக்கையோடு கீழே இறக்குகிறார்கள். இயேசு பார்த்தது 'அவர்களுடைய' விசுவாசத்தை என்று அங்கே எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் நம்பினானா, சந்தேகப்பட்டானா என்று ஒரு சொல்கூட இல்லை. குடிக்கிறவரிடம் 'உனக்கு விசுவாசம் போதாது' என்று சொல்ல வாய் திறப்பவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை வாசிக்கலாம். அவரால் நம்ப முடியாத காலத்தில் அவரைத் தூக்கிப்போக நான்கு பேர் வேண்டும்.

இந்த நான்கு பேர் ஏற்பாடு கிறிஸ்தவ வரலாற்றில் பழையது. மட்டக்களப்புக்கு அதில் ஒரு பங்கும் உண்டு. 1814 இல் வில்லியம் ஓல்ட் இங்கே வந்து தொடங்கிய மெதடிஸ்த பணியை ஊரில் எல்லோருக்கும் தெரியும். மெதடிஸ்த மத்திய கல்லூரியும் அந்த ஆண்டுக் கணக்குத்தான். அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி இங்கிலாந்தில் தன் ஆட்களைப் பன்னிரண்டு பேரளவு சிறு வகுப்புகளாகப் பிரித்திருந்தார். 1742 இல் பிரிஸ்டலில் அது தொடங்கிய காரணம் வேடிக்கையானது. கட்டடக் கடனை அடைக்க, கிழமைக்கு ஆளுக்கு ஒரு பென்னி சேர்க்கவேண்டியிருந்தது. காசு வாங்க வீடுவீடாகப் போன தலைவர்கள், யார் வீட்டில் சண்டை, யார் குடித்துக் கிடக்கிறார்கள் என்பதையும் கண்டுவந்தார்கள். காசு சேர்க்கும் ஏற்பாடு ஆட்களைக் கவனிக்கும் ஏற்பாடாக மாறியது. அடுத்த ஆண்டு வெளியான அவர்களுடைய பொது விதிகளில் வெறித்தலும், சாராய வகைகளை வாங்குவதும் விற்பதும் விலக்கப்பட்டிருந்தன. ஆனால் விதியைவிட வேலை செய்தது அந்தக் கிழமைச் சந்திப்பு. இன்று கத்தோலிக்கப் பங்குகளில் இருக்கும் அன்பியமும், சுயாதீன சபைகளின் வீட்டுக்கூட்டமும் ஏறக்குறைய அதே அளவுள்ள குழுக்கள்தான். செபமாலையோ பாட்டோ முடிந்தபின் பிளேன்ரீ குடித்துக்கொண்டு கதைக்கிற அந்த அரை மணி நேரத்தைத்தான் நான் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1935 இல் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். பில் வில்சன் என்ற நியூயோர்க்காரர், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன நிலையில், ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகருக்கு வியாபார விடயமாகப் போனார். வியாபாரம் கவிழ்ந்தது. ஹோட்டல் முன்மண்டபத்தின் ஒரு பக்கம் பார், மறுபக்கம் தொலைபேசி. அவர் தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து ஒரு போதகரை அழைத்து, இந்த ஊரில் குடியோடு போராடும் வேறு யாராவது இருக்கிறாரா, நான் அவரோடு கதைக்கவேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் டொக்டர் பொப் ஸ்மித் என்ற சத்திர சிகிச்சை நிபுணர். இருவரும் கதைத்ததில் பிறந்ததுதான் ஏஏ எனப்படும் அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ். இருவரும் அப்போது ஒக்ஸ்போர்ட் குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தோடு தொடர்புள்ளவர்கள். தோல்வியை ஒப்புக்கொள்வது, தன்னைக் கடவுளிடம் ஒப்படைப்பது, செய்த தீமைகளை இன்னொருவரிடம் அறிக்கையிடுவது, காயப்படுத்தியவர்களிடம் போய்ச் சரிசெய்வது என்ற அந்த இயக்கத்தின் பழக்கங்கள் ஏஏயின் பன்னிரண்டு படிகளுக்குள் வந்தன. பின்னர் ஏஏ எந்தச் சபையையும் சாராமல், 'நாம் அறிந்தவாறான கடவுள்' என்று கதவை அகலமாகத் திறந்து வைத்தது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, உதவி தேடிப் போன் எடுத்தவர் தனக்குப் புத்தி சொல்ல ஆள் தேடவில்லை என்பது. தன்னைப்போல அடிபட்ட ஒருவரைத் தேடினார். போதகர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், காலைக் கைநடுக்கத்தை அறிந்த ஒருவர் 'ஓம், எனக்கும் அப்படித்தான் இருந்தது' என்று சொல்வதற்கு ஈடாகாது. சபையில் குடியை விட்டவர் ஒருவர் இருந்தால், புதிதாக வருகிறவருக்கு அவரைத்தான் முதலில் அறிமுகப்படுத்தவேண்டும்.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று கேட்பது நியாயம். 2020 இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு, பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் பங்குபெற்ற 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஏஏ போன்ற குழுக்களோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கவைப்பதில் மற்றப் பேச்சுச் சிகிச்சைகளைவிடக் கூடுதலாகப் பலன் தந்தது என்பது அதன் முடிவு. ஜெபம் மட்டும் போதும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, அதை அளக்கவும் இல்லை. குழுக்கள் ஏன் பலன் தருகின்றன என்று ஆராய்ந்தவர்கள் முக்கியமாகக் கண்டது, ஆளின் பழக்கவட்டம் மாறுகிறது என்பதுதான். குடிக்கும் கூட்டாளிமார் குறைந்து, குடிக்காத கூட்டாளிமார் கூடுகிறார்கள்.

ஆகவே சபை செய்யக்கூடியது மிகவும் சாதாரணமான வேலைகள். குடிக்கவேண்டும்போல வரும் அந்தத் தவிப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணியில் போன் எடுத்தால் பதில் சொல்ல ஒருவர் வேண்டும். பெரும்போக அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாசி, பங்குனியில் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். மீன் விற்ற காசோ நாட்கூலியோ கைக்கு வரும் நேரத்தில், வீடுவரைக்கும் கூட நடக்க ஒருவர் வேண்டும். நத்தார், புதுவருடம், கோவில் திருவிழா, கலியாண வீடு, செத்த வீடு எல்லாவற்றுக்கும் தனியே போகவிடாமல் ஒருவர் சேர்ந்து போய், சேர்ந்தே திரும்பவேண்டும். மாலை நேரத்தை நிரப்ப ஏதாவது வேலையும் கொடுக்கவேண்டும். கோயில் ஒலிபெருக்கி கட்டுவது, பாடகர் குழுவுக்குக் கதிரை தூக்குவது, சேமக்காலையில் புல் வெட்டுவது என்று எதுவாகவும் இருக்கலாம். காசுப் பெட்டியை மட்டும் முதல் வருடத்தில் அவர் பொறுப்பில் விடாதீர்கள். அது அவரை நம்பாததால் அல்ல, அவருக்குச் சோதனையைக் கூட்டவேண்டாம் என்பதற்காக.

நற்கருணையில் தரும் திராட்சை ரசத்தை இவர் குடிக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். மெதடிஸ்த சபைகளில் பெரும்பாலும் புளிக்காத திராட்சை ரசம்தான். 1869 இல் தோமஸ் வெல்ச் என்ற அமெரிக்க மெதடிஸ்தப் பல்வைத்தியர் அதைப் புளிக்காமல் போத்தலில் அடைக்கும் வழியைக் கண்டதே இதற்காகத்தான். கத்தோலிக்கர் அப்பத்தை மட்டும் வாங்கினாலும் நற்கருணை முழுமையானது என்பது திருச்சபையின் போதனை. கிண்ணத்தை விலக்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சறுக்கினால்

சறுக்குவார்கள். அக்ரனில் பில் வில்சனைச் சந்தித்த டொக்டர் பொப் சில கிழமைகளிலேயே ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்தார். அதற்குப் பின், 1935 ஜூன் 10 இல், எடுத்ததுதான் அவருடைய கடைசிக் குடி. ஏஏ அந்த நாளைத்தான் தன் பிறந்த நாளாக எண்ணுகிறது. ஒரு சறுக்கலுக்காக அவரைக் கைவிட்டிருந்தால் ஏஏயே இருந்திராது.

இதனால்தான் புதிதாகக் குடியை விட்டவரை இரண்டாம் ஞாயிறே மேடையில் ஏற்றுவதை நான் விரும்புவதில்லை. அந்த நேரம் அவருக்குப் பெருமையாகத்தான் இருக்கும். வீடியோவும் பேஸ்புக்கில் போய்விடும். ஆறாம் கிழமை அவர் சறுக்கினால் எந்த முகத்தோடு சபைக்குள் வருவார்? உதவி ஆகக் கூடுதலாகத் தேவைப்படும் நேரத்தில் அவருக்கு வாசல் அடைபட்டுப்போகும். ஒரு வருடம் போகட்டும். அதுவரைக்கும் அறிக்கையிடுவதற்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டி இருக்கிறது, அல்லது நம்பிக்கையான ஒரு மூப்பர் இருக்கிறார். ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கச் சொல்லும் யாக்கோபு நிருபம், ஒலிவாங்கியில் சொல்லும்படி கேட்கவில்லை.

டப்ளின் நகரக் கூலித்தொழிலாளி மட் டால்பட் 1884 இல் தன் 28 ஆவது வயதில் குடிப்பதில்லை என்று குருவிடம் வாக்குக் கொடுத்தார். முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும். அதை நீட்டி நீட்டி, 1925 இல் இறக்கும்வரை குடிக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்திருக்கிறது. 'இனிச் செத்தாலும் தொடமாட்டேன்' என்று வேதாகமத்தில் அடித்துச் சத்தியம் பண்ணவைப்பதைவிட இந்த மூன்று மாதக் கணக்கில் யதார்த்தம் இருக்கிறது.

குடும்பத்தைப் பற்றி இரண்டு விடயம். முதலாவது, 'பொறுத்துக்கொள் பிள்ளை, ஜெபம் பண்ணு' என்று அடிபடும் மனைவியிடம் சொல்வது உதவி அல்ல. அடி விழும் வீட்டில் முதலில் அவரும் பிள்ளைகளும் பத்திரமாக இருக்கவேண்டும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பொலிஸ் 119. இரண்டாவது, குடியை மறக்கவைக்கும் மருந்து என்று சொல்லி விற்பதை வாங்கிக் கறியில் கலந்து கொடுக்காதீர்கள். டைசல்பிராம் என்ற மாத்திரை உண்மையிலேயே இருக்கிறது. அதை எடுத்துவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் விழும். சிலருக்கு உயிர் போகுமளவுக்கு மோசமாகும். குடிக்கிறவர் தானே அறிந்து, சம்மதித்து, வைத்தியர் பார்வையில் எடுக்கவேண்டியது அது. குடிக்கும் ஆசையைக் குறைக்க வேறு மாத்திரைகளும் உண்டு. வைத்தியரிடம் கேட்கலாம்.

மட்டக்களப்பு, அம்பாறை என்ற நம்முடைய இரண்டு மாவட்டங்களிலும் கிறிஸ்தவர்கள் சிறு தொகையினர். உதவி தேடி வருகிறவர் சைவராக இருக்கலாம், முஸ்லிமாக இருக்கலாம். ஞானஸ்நானம் எடுத்தால்தான் உதவி என்ற நிபந்தனையை மனதின் மூலையில்கூட வைத்திருக்காத சபைதான் இந்த வேலைக்குப் பொருத்தம். அவர் தன் கோவிலுக்கோ பள்ளிக்கோ போய்க்கொண்டே சபையின் கிழமைக் கூட்டத்துக்கும் வரட்டும். குடிக்கிற பெண்களும் இருக்கிறார்கள். வெட்கத்தால் ஆண்களைவிட அதிகம் ஒளிக்கிறார்கள். அவர்களுக்குப் பெண்கள் மட்டும் உள்ள ஒரு சிறு குழு இருந்தால்தான் வாய் திறப்பார்கள்.

உங்கள் வீட்டில் ஒருவர் 'விடப்போகிறேன்' என்று சொன்னால், அவர் தெளிவாக இருக்கும் ஒரு காலையில் கிளினிக்குக்குப் புறப்படுங்கள். நாளுக்கு எவ்வளவு குடிக்கிறார், எந்த வகை, கடைசியாக எத்தனை மணிக்கு, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, வேறு என்ன மாத்திரை எடுக்கிறார் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அளவைக் குறைத்துச் சொல்லவேண்டாம், மருந்தின் அளவு அதைப் பார்த்துத்தான் தீர்மானிக்கப்படும். நாள்தோறும் குடிக்கிறவரென்றால், வைத்தியரைக் காணும்வரை வீட்டிலேயே சட்டென்று நிறுத்தவைக்காதீர்கள். முதலில் போனில் கதைத்துப் பார்க்க விரும்பினால், தேசிய மனநல உதவி இலக்கம் 1926, அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்றும் கேட்டுப்பாருங்கள். அப்புறம், சபையிலிருந்து யார் யார் எந்த நாள் மாலை வருவார்கள் என்பதை அவர் வைத்தியசாலையில் இருக்கும்போதே பேசி வைத்துவிடுங்கள். அவர் வீடு திரும்பும் அன்றைக்கு மாலையே முதல் ஆள் வந்துவிடவேண்டும்.